சங்க ஆபீசுக்குப் புதுப் பூட்டு

…நன்றி கெட்டவங்கண்ணே, வேற வார்த்தையே இல்ல! நீங்க பாட்டுக்குப் பூட்டக் கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். பின்வாசல் வழியா, குப்பைத் தொட்டியெல்லாம் தாண்டிக் கூட்டிட்டு வந்ததுக்குத் தப்பா நெனைக்காதீங்க. முன்படிக்கட்டுல கொஞ்சம்... பெயிண்ட் ஈரம்.

என்னத் தெரியும்ல? கோஸ்தின் சம்ஃபிர்! இந்த ப்ளோயெஷ்த் ஊர்ல அந்தப் பேரச் சொன்னா மொதலாளிங்க நாற்காலிய விட்டு எழுந்துடுவாங்க. தொழிற்சங்கத் தலைவர்னா சும்மாவா? ஆனா இப்போ எவனோட சண்ட போடறது, சொல்லுங்க? அப்போ மொதலாளின்னா தொப்பை இருக்கும், மொகம் இருக்கும், மேசையக் குத்திப் பேசலாம். இப்போ சாப்பாடு கொண்டுபோற பசங்களுக்கு மொதலாளி ஃபோனுக்குள்ள இருக்கான். யார் மேசையக் குத்தறது? கேட்டா, 'அவங்க தொழிலாளி இல்ல, கூட்டாளி'ங்கறான். கூட்டாளியாம்! டயர் வெடிச்சா மட்டும் கூட்டாளி தனியாத் தள்ளிட்டுப் போகணும்.

சட்டம் படிச்ச புள்ளைங்களாவது நம்ம பக்கம் வருதா? தொழிலாளர் சட்டத்துல மெடல் வாங்க வேண்டியது, நேரா புக்கரெஸ்ட் போயி கம்பெனிக்காரனுக்கு ஆள வேலைய விட்டுத் தூக்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்க வேண்டியது! அதுலயும் ஒருத்தி என்னத் தேடி வந்தா. ஸ்மராண்டா. கெட்டிக்காரி. 'சம்பளம் கம்மிதாம்மா, ஆனா இது வேலை இல்ல, தொண்டு'ன்னேன். அவ கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எதுக்கு வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.

அவளுக்கு என்ன கொற வச்சேன்? கார்த்தால எள்ளு போட்ட கொவ்ரிக் ரொட்டி, என் செலவு. மூணு மாசத்துக்கு வேலை ஒப்பந்தம். முடிஞ்சா இன்னொண்ணு. அது முடிஞ்சா இன்னொண்ணு... எத்தன வருசமாவா? அது வந்து... அதையெல்லாம் எண்ணக் கூடாதுண்ணே. இதே வேலையப் பண்ணினான்னு குழாய் ஃபேக்டரிக்காரனக் கோர்ட்டுக்கு இழுத்தவன் நான்! கேஸ் எழுதினது அவதான். எழுதறப்பத்தான் படுபாவி தன் ஒப்பந்தத்தையும் படிச்சிருக்கா!

அதோட போச்சா? ப்ரஸ்ஸல்ஸ்ல பேசப் போனேன். 'வேலை நேரம் முடிஞ்சா ஃபோன எடுக்காம இருக்கறது தொழிலாளியோட உரிமை!' அப்படின்னு ஒரு போடு போட்டேன் பாருங்க, எழுந்து நின்னு கை தட்டினாங்க. அந்தப் பேச்ச எழுதித் தரச் சொல்லி, கெளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம பூரா அவள ஃபோன்ல கூப்பிட்டேன். எடுக்கவே இல்லண்ணே! மறுநாள் கேட்டா, 'அந்த உரிமைய ஒத்திகை பாத்தேன் தலைவரே'ங்கறா. திமிரு! எழுதித் தந்ததும் அவதான், அது வேற விசயம்.

அப்புறம் டிரைவர் நெலு, காப்பி போடற தோய்னாக்கா, ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டுச் சங்கம் ஆரம்பிச்சுட்டா. சங்க ஆபீசுக்குள்ள சங்கம்! சர்ச்சுக்குள்ள யாராவது இன்னொரு சர்ச்சு கட்டுவாங்களா? பேச்சுவார்த்தைக்கு வேற கூப்பிட்டாங்க. 'மொதல்ல படிக்கட்டக் காலி பண்ணுங்க, அப்புறம் பாக்கலாம்'னேன். சொன்னதும் எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு... குழாய் ஃபேக்டரிக்காரன் என்கிட்ட சொன்ன அதே வார்த்தை! ஆனா பாருங்க, அவன் கெட்ட எண்ணத்துல சொன்னான். நான் அப்படியா?

அதான், நாளைக்கு அவங்க சாவி இந்தக் கதவுல நொழையவே கூடாது. ஸ்டிரைக் பண்றவங்களுக்கு ஆபீஸ் எதுக்கு... ஏண்ணே நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு திருகாணி இருக்கே! ஆமா, ஸ்டிரைக்குத்தான். கீழ உக்காந்திருக்காங்க. பெயிண்டா? பெயிண்டும்தான்... அட்டையில கோஷம் எழுதி அடிச்சிருக்காங்கல்ல!

பைய ஏன் மூடறீங்க? என்னது? ஸ்டிரைக் நடக்கற எடத்துல கை வைக்க மாட்டீங்களா? இந்தக் காலத்துல யாருண்ணே இதையெல்லாம் பாக்கறா? எவன் சொல்லிக் குடுத்தான் உங்களுக்கு?

...நானா? எப்போ? குழாய் ஃபேக்டரி வாசல்லயா? பனி கொட்டறப்ப, பீப்பா மேல ஏறி நின்னு... நீங்களும் இருந்தீங்களா அங்க? மொத வரிசையிலயா! 'தோழர்களே, ஸ்டிரைக் வாசலத் தாண்டி உள்ள போறவன்...' ஆமா, ஆமா. அதுக்கப்புறம் என்ன சொன்னேன்... வேணாம், சொல்லாதீங்க. ஞாபகம் வந்துடுச்சு.

அண்ணே! அண்ணே, அது முன்படிக்கட்டு! அந்த வழியாவா போறீங்க? பூட்டு பாதி தொங்குதே, கதவு சாத்தக்கூட மாட்டேங்குதே! அடப் பாவிங்களா, கை தட்டறாங்களே... தோய்னாக்கா! அவருக்குக் காப்பி ஊத்தறியா நீ? அப்போ எனக்கு? ...மேல கொண்டாந்து தர மாட்டியா? எறங்கி வந்து உக்காந்தாத்தானா?

...சரி, சர்க்கரை ரெண்டு போடு. காப்பிக்குத்தான் வர்றேன், கேட்டுக்கோங்க! ஏம்மா ஸ்மராண்டா, நீ பாட்டுக்குத் 'தலைவர் பேச்சுவார்த்தைக்கு வந்தார்'னு எழுதி வச்சுடாத!