ஆடு மேய்ந்த கோடு

மணல் மூடிய மண்ணை மீட்டு மறுபடியும் மகசூல் கண்ட கோரைக்குறிச்சி மக்களுக்கு என் முதல் வணக்கம். இந்த அறுவடை விழாவுக்குத் தலைமையேற்று, மாலையைக் கழற்றினால் மரியாதைக் குறைவாகுமோ என்று கழுத்தில் போட்டபடியே வியர்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் தங்கசாமி ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் அன்னையரே, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு புரியும் என்று நம்பும் தம்பிமாரே, பந்தலுக்கு வெளியே புங்கமரத்தடியில் கட்டப்பட்டிருக்கும் கருப்பி என்னும் வெள்ளாடே, உங்கள் அனைவருக்கும் அரும்பாவூர் வெற்றிச்செல்வியின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். "ஆட்டுக்கு எதுக்குங்க வணக்கம்?" என்று அந்தத் தூணோரம் ஒரு அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. கொஞ்சம் பொறுங்கள் தாயே, நான் இறங்குவதற்குள் நீங்களே அதற்கு ஒரு வணக்கம் வைப்பீர்கள்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பேன். கல்யாண வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், துக்க வீட்டில் கேட்டு வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன். சென்ற ஆடியில் கொள்ளிடம் கரை உடைத்தபோது, எங்கள் பெரம்பலூர் நண்பர்கள் திரட்டிய சேலைகளோடும் பாய்களோடும் திருமானூர் முகாமுக்கு நான் வந்தபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது.

என்ன கண்டேன்? ஆடிப்பெருக்குக்குப் பூத்தூவி வணங்கிய ஆறு, அதே மாதத்தில் உங்கள் வாசலில் வந்து நின்றதைக் கண்டேன். கரும்பு சாய்ந்ததைக் கண்டேன். வாழை மிதந்ததைக் கண்டேன். கூரை இருந்த இடத்தில் குட்டையைக் கண்டேன். நீர் வடிந்தபின் படுகை முழுவதும் மணல், மணல், எங்கு நோக்கினும் மணல். வரப்பு எங்கே? வாய்க்கால் எங்கே? எல்லைக்கல் எங்கே? எல்லாம் அடியில். தாலுகா முழுக்க இதே கதை என்பதால் சர்வேயர் வருவதற்கு வரிசை. ஆனால் சம்பா நடவு யாருக்காக வரிசையில் நிற்கும்? அந்தப் பட்டம் தவறினால் அடுத்த தை வரை அடுப்பு எரியுமா?

ஆகவே ஊர் ஒரு முடிவு செய்தது. அவரவர் வயல் எங்கே என்று அவரவருக்குத் தெரியாதா, குச்சி நட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் பொக்லைன் வைத்து மணலை வழித்துவிடலாம் என்றார்கள். வேலங்குச்சிகள் முளைத்தன. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு கொடி. அது என்ன கொடி? நான் அரும்பாவூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிச் சுமந்து வந்த சேலை. உடுத்தக் கொடுத்ததைக் கிழித்துக் கட்டியிருக்கிறீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது. "வயலு இல்லாம சேலைய உடுத்திட்டு எங்கக்கா போறது?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் பெயர் ஆண்டாயி. என் கோபம் அங்கேயே வற்றிவிட்டது.

குச்சி நட்டபிறகுதான் வேடிக்கை. கயிறு பிடித்து அளந்துகொண்டே போகிறார்கள். ஒவ்வொருவர் வயலும் வெள்ளத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. யாரும் திருடவில்லை ஐயா, சத்தியமாகத் திருடவில்லை. நினைவுதான் தாராளமாக இருந்தது. இப்படி ஒவ்வொருவராக வளர்ந்து வளர்ந்து, கரையோரக் கடைசி வயலுக்கு வந்தபோது அது எங்கே போய் நின்றது தெரியுமா? கொள்ளிடத்து நடு நீரில். அந்தக் கடைசி வயல் யாருடையது? தலைவர் அவர்களே, சொல்லட்டுமா? சரி, சொல்லவில்லை. வியர்ப்பது மாலையால் மட்டும் அல்ல என்று மக்களுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது ஆண்டாயியிடம் வருகிறேன். தாயும் தகப்பனும் தாத்தனும் அடுத்தவர் வயலில் நடவு நட்டும் களை பறித்தும் காலம் கழித்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் தன் பெயரில் பட்டா வாங்கிய முதல் ஆள் அவள். மூன்று மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர் நிலம். பெரிய நிலமா? இல்லை. ஆனால் அவள் குலத்தில் அவளுக்கு முன்னால் ஒருவரும் தன் வரப்பில் தான் நின்றதில்லை. அந்த நிலம் காணாமல் போனால் அவள் மறுபடியும் கூலிக்காரி. அவள் முகாமில் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான்.

அவளுக்கு ஒட்டிய வயல் குழந்தைவேல் ஐயாவுடையது. ஆண்டாயி முன்பு அவர் வயலிலேயே நாற்று நட்டவள். இருவருக்கும் நடுவே ஒரே வரப்பு. ஐயாவின் பக்கம் ஒவ்வொரு பட்டமும் மண்வெட்டியால் செதுக்கி அண்டை கழித்து, புல் பூண்டு இல்லாமல் சவரம் செய்த முகம்போல் இருக்கும். ஆண்டாயி பக்கம் அருகம்புல் தாடி. ஏன்? கருப்பிக்குத் தீனி வேண்டுமே. "வரப்பு கழிக்கத் தெரியாதவளுக்கு வயலு என்னாத்துக்கு?" என்று ஊரே சிரிக்கும். "உன் ஆடு எம்பக்கம் கால் வெச்சுச்சு, கால ஒடிச்சுப்புடுவேன்" என்பார் ஐயா. சொன்னீர்களா இல்லையா ஐயா? தலையாட்டுகிறார். நேர்மையான மனிதர்.

வெள்ளத்துக்குப் பிறகு அந்த எல்லையில் இரண்டு குச்சிகள். அவர் குச்சி ஓரிடம், இவள் குச்சி அதைத் தாண்டி அவர் பக்கமாக ஒரு பாய் விரிக்கும் அகலம் தள்ளி. முகாமில் சோற்றுத் தட்டோடு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் ஆண்டாயி அவரைக் கேட்டுவிட்டாள். "இத்தன காணி வெச்சிருந்தும் என் கையகலம் மேலதான் கண்ணா? திருட்டுப் புத்திதான இது?" அதைக் கேட்டுக் குழந்தைவேல் ஐயா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று முகாமில் இருந்த நாங்கள் எல்லாரும் யார் பக்கம் நின்றோம்? ஏழை பக்கம். அதில் சந்தேகம் உண்டா?

பொக்லைன் வந்தது. ஓட்ட வந்தவர் ஆண்டிமடத்துத் தம்பி மணிவேல். முன்தினம் ஒரு மழை பெய்திருந்தது. மணலை வழிக்க வண்டியின் இரும்புக் கையை இறக்கப் போனவர், அப்படியே நிறுத்திவிட்டார். உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர் கண்ணுக்கு ஒன்று பட்டது. கருப்பி அவிழ்த்துக்கொண்டு வந்து வெறும் மணலில் மேய்ந்துகொண்டிருந்தது.

தாய்மார்களே, நீங்கள் ஆடு வளர்த்தவர்கள். சொல்லுங்கள், ஆடு எப்படி மேயும்? இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். அடுத்தவர் செடியில் இரண்டு வாய். எந்த ஆடாவது கயிறு பிடித்தாற்போல் நேராக மேயுமா? நேராக மேய்ந்து, ஓரிடத்தில் மூலை மடக்கித் திரும்பி, மறுபடியும் நேராக மேயுமா? மணிவேல் இறங்கி ஓடி வந்து, "அக்கா, உங்க ஆடு என்னங்க கோடு போட்டாப்புல மேயுது?" என்று கேட்டார்.

ஆண்டாயி குனிந்து பார்த்தாள். மணலைத் துளைத்துக்கொண்டு ஊசி ஊசியாக அருகம்புல். வயலுக்குள் முழங்கால் ஆழம் மணல், ஆனால் வரப்பு மேடல்லவா, அதன்மேல் ஒரு சாண்தான். அடியில் இருந்த வேர் சாகவில்லை. ஊர் சிரித்த அதே புல், அவள் வயலின் நான்கு பக்கத்தையும் பச்சையாக வரைந்து வைத்திருந்தது. சுத்தமாகக் கழித்த மற்ற வரப்புகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. அந்தப் பச்சைக் கோடு குழந்தைவேல் ஐயாவின் எல்லையில் எங்கே ஓடியது? நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்களோ அதையேதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அது அவர் குச்சியை ஒட்டி ஓடியது. அவர் சொன்னதுதான் சரி. ஆண்டாயி நட்டதுதான் தப்பு.

அந்த வேளையில் வயலில் இருந்தது மூன்று பேர். ஆண்டாயி, மணிவேல், ஆடு. ஆடு பேசாது. மணிவேல் என்னிடம் பிறகு சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அந்தக்கா கோட்டப் பாத்துட்டு மம்பட்டிய எடுத்தாங்க. சரி, புல்லக் கொத்தப் போறாங்கன்னு நெனச்சேன். பாவம், இருக்கறதே மூணு மா. நான் எதையும் பாக்கலன்னு வண்டிப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

அவள் கொத்தியது புல்லையா? இல்லை. தான் நட்ட குச்சியைக் கொத்திப் பிடுங்கினாள். பிடுங்கி, என் சேலைக் கொடியோடு அதைக் கையில் பிடித்தபடி, தூரத்தில் கரைமேல் ஊராரோடு நின்ற குழந்தைவேல் ஐயாவைக் கூப்பிட்டாள். "அண்ணே, செத்த இங்க வந்து பாருங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஊரு முன்னாடி பேசிப்புட்டேன், ஊரு முன்னாடியே சொல்றேன்."

நான் சும்மா இருப்பேனா? போய்க் கேட்டேன். ஏன் ஆண்டாயி, யாரும் பார்க்கவில்லையே, ஒரு பாய் அகலம் மிச்சமாகியிருக்குமே? அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தப் பக்கத்துப் புல்லு பொய்யின்னா, மத்த மூணு பக்கத்துப் புல்லும் பொய்தானக்கா? அப்பறம் என் வயல நான் எத வெச்சுக் கேப்பேன்?"

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே. நாள்தோறும் நாம் தேடுவது எந்தச் சாட்சியை? நமக்கு நன்மை சொல்லும் சாட்சியை. நாம் நம்பத் தயங்குவது எந்தச் சாட்சியை? அடுத்தவன் தனக்காகக் கொண்டுவரும் சாட்சியை. தனக்கு எதிராகத் தானே நின்று ஒருத்தி சொன்னபோது யார் சந்தேகப்பட முடியும்? அதனால்தான் அன்று மாலையே ஊர் கூடி அந்தப் பச்சைக் கோட்டில் கயிற்றின் ஒரு முனையை வைத்தது. அங்கிருந்து அளந்தார்கள். பட்டாவில் இருந்தபடி அளந்தார்கள். குச்சி நட்டவர்களே குச்சியைப் பிடுங்கினார்கள். நீரில் நின்ற தலைவர் வயலும் நிலத்துக்கு ஏறி வந்தது. பட்டம் தவறாமல் நட்டீர்கள். அந்த நெல்தான் இதோ மேடைக்கு முன்னால் குவிந்திருக்கிறது. வெள்ளம் வயலை மூடலாம், வரப்பை மூடலாம், கல்லை மூடலாம். உண்மை பேசத் துணிந்த ஒருத்தியின் வாயை எந்த வெள்ளம் மூடும்?

முடித்துவிடுகிறேன், தலைவர் மணியைப் பார்க்கிறார். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. காலையில் வரும்போது அந்த வரப்பில் நின்று பார்த்தேன். ஆண்டாயி பக்கம் புல், அது தெரிந்ததுதான். குழந்தைவேல் ஐயாவின் பக்கமும் புல் மண்டிக் கிடக்கிறது. ஆயுள் முழுக்க அண்டை கழித்த கை ஐயா உங்கள் கை. இந்தப் பட்டம் ஏன் கழிக்கவில்லை? மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி. வேண்டாம் என்கிறார். சரி, உட்கார்ந்தபடியே சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்.

அவர் சொல்கிறார், "கருப்பி எம்பக்கமும் மேயட்டும்னுதான்."

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகம். அழைத்து அன்பு காட்டிய கோரைக்குறிச்சிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், புங்கமரத்தடியில் என் பேச்சுக்கு ஒருமுறைகூடக் குறுக்கே கத்தாத அந்த வாயில்லா ஜீவனுக்கும் என் நன்றி. தூணோரத்து அம்மா, இப்போது நீங்கள் வணக்கம் வைக்கலாம். எல்லாருக்கும் என் வணக்கம்.