நான்கு பேர் ஏறிய மோட்டார் சைக்கிள்

வெடிச் சத்தம் இடது பக்கம். மூன்று. இடைவெளி. பிறகு இரண்டு. காலை ஆறு மணி நாற்பது. நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர். முன்னால் லாடோ. வண்டி அவருடையது. அவர் முதுகோடு ஒட்டி மேரி. முந்தைய நாள்தான் பிள்ளை பெற்றவள். அவள் நெஞ்சில் துணியால் கட்டிய பெண் குழந்தை. கடைசியில் நான். மேரியைத் தாண்டி என் இரண்டு கைகளும் லாடோவின் சட்டையைப் பிடித்திருக்கின்றன. செம்மண் பாதை. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல். ஒன்றும் தெரியவில்லை. காதை நம்பித்தான் போகிறோம்.

இடம் தென் சூடான். உகண்டா எல்லைக்கு இன்னும் அறுபது கிலோமீற்றர்.

என் பெயர் சுகந்தி. சுவிஸில் பாடன் நகரில், ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. பிறந்தது யாழ்ப்பாணம். கடைசி யுத்தத்தில் வன்னிக்குள் இருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. அதற்குப் பிறகு எந்த யுத்தத்துக்குக் கிட்டவும் போவதில்லை என்று இருந்தவள்தான். ஒரு சிறு உதவி அமைப்பு, பிரசவ நிலையத்துத் தாதிமாருக்குப் பயிற்சி கொடுக்க மூன்று மாதத்துக்கு ஆள் தேடியது. பெயர் கொடுத்தேன். அந்தப் பகுதி அமைதியாக இருக்கிறது என்றார்கள். இருந்ததுதான். பத்துக் கிழமை.

லாடோவுக்கு நாற்பத்து நான்கு வயது. கிராமங்களில் இருந்து கர்ப்பிணிகளை ஏற்றி வருவது அவர் வேலை. வாடகை மோட்டார் சைக்கிளை அங்கே போடா என்பார்கள். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். எங்கள் மொழியில் அது எரிச்சலோடு ஒருவனை விரட்டும் சொல் என்று விளக்கினேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தினமும் காலையில் வாசலில் நின்று தன்னைத்தானே "போடா" என்று கூப்பிடுவார். சீற்றில் ஒரு போர்வையை நான்காக மடித்துக் கட்டியிருந்தார். பள்ளம் வந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். வயிற்றுப் பிள்ளைக்கு அதிர்ச்சி கூடாதாம்.

நகரத்துக்குள் ஷெல் விழத் தொடங்கியது முந்தைய நாள் மத்தியானம். நிலையத்து வாகனம் காயக்காரர்களோடு எல்லைக்குப் போய்விட்டது. மேரிக்கு அப்போது பிரசவ வலி. நான் அவளோடு நின்றேன். வாகனம் திரும்பி வரவில்லை. லாடோ தன் மனைவி கிடெனையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவரும் போயிருக்கலாம். விடியக் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

ஓர் ஓடையைக் கடக்கிறோம். தண்ணீர் கணுக்காலளவு. மறுகரையில் ஏறும்போது கேட்கிறேன். தொப். தூரத்தில், வாயை மூடிக்கொண்டு இருமியது போல ஒரு சத்தம். எனக்கு அது தெரியும். மோட்டார் ஷெல் கிளம்பும் சத்தம். அது கேட்டால் விழுவதற்குள் நிலத்தில் படுக்கவேண்டும். வன்னியில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

கத்தினேன்.

"இறங்குங்கோ! படுங்கோ! படுங்கோ!"

தமிழில்.

லாடோ பாதித் தலையைத் திருப்பினார். "என்ன சிஸ்டர்?" வண்டி மெதுவாகியது. ஷெல் வலப் பக்கப் புல்லுக்குள் விழுந்தது.

ஆங்கிலத்தில் கத்தியிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. தமிழில் கத்தினேன். அதைப் பதிகிறேன்.

புகை. மண். காதுக்குள் விசில். பிறகு குழந்தை அழுகிறது. நல்ல அழுகை. மேரி புல்லில் இருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். லாடோ எழும்பவில்லை. வலது விலாவுக்குக் கீழே சட்டை கிழிந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன். ஈரல். நான் தாதி. எனக்கு அப்போதே தெரிந்தது.

பாதையோரம் ஒரு மாமரம். கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் கீழே கிடத்தினேன். என் சால்வையைச் சுருட்டி அழுத்தினேன். நனைந்தது. மேரியின் துணியை வைத்தேன். அதுவும் நனைந்தது. நாடி நூற்று முப்பது. மூச்சு நிமிடத்துக்கு முப்பது.

நகரத்துப் பக்கமிருந்து வாகனச் சத்தம் கேட்கத் தொடங்கியது. யாருடைய வாகனம் என்று தெரியாது. இன்றுவரை தெரியாது.

"சாவி வண்டியில்தான்," என்றார் லாடோ. "ஓடத் தெரியுமா?"

"தெரியும்."

"கிளட்ச் இறுக்கம். முழுக்கப் பிடிக்கவேண்டும்."

தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். போத்தலை அவர் கைக்குள் வைத்தேன். மேரியை ஏற்றினேன். அவரையும் ஏற்ற வழியே இருக்கவில்லை. இருந்தாலும் அதை ஒரு தடவையாவது முயன்று பார்த்தேனா? இல்லை.

ஷெல் விழுந்ததில் இருந்து வண்டி புறப்படும்வரை பதினொரு நிமிடம். நான் திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்சை முழுக்கப் பிடித்தேன்.

எல்லையில் ஒரு படிவம் தந்தார்கள். ஜெனீவாவில் இன்னொன்று. சூரிச்சில் ஓர் அம்மையார் எதிரே இருந்து மெதுவாகக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில். 'ஸோஃபோர்ட்' என்றேன். உடனே இறந்துவிட்டார். அமைப்பு அதையே கிடெனுக்கும் அறிவித்தது.

வேலைக்குத் திரும்பினேன். மாசி மாத முதற் புதனில், மத்தியானம் ஒன்றரைக்கு, நாடு முழுக்கச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். நோயாளர் ஒருவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். சைரனுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஒரு நாள், மேல் வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டோடு பாதித் தலையைத் திருப்பி "குற்ஸி" என்று வணக்கம் சொன்னார். படியில் இருந்துவிட்டேன். எழும்ப அரை மணி நேரம் ஆனது. வார்டில் யாராவது வேகமாக மூச்சு விட்டால் கை தானாக மணிக்கூட்டைப் பார்க்கும். எண்ணுவேன். முப்பது வந்தால் வெளியே போய்விடுவேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை. லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா.

"அந்த லாடோ எண்ட மனுசன் உடனேயோ செத்தவர்?"

"ஓம் அம்மா."

கத்தி நின்றது.

"கொண்ணையைப் பற்றியும் உப்பிடித்தான் சொன்னவை. உடனே போட்டார், ஒண்டும் தெரிஞ்சிராது எண்டு. சொன்ன பொடியன் என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. இப்ப நீயும் பார்க்கேல்லை."

அண்ணை வன்னியில் இறந்தவர். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்கியவர். அவரோடு கூடப் போன ஒருவன் வந்து செய்தி சொன்னான். அதற்குப் பிறகு, உண்மையைக் கேட்க அம்மா அந்தப் பொடியனைத் தேடாத ஊர் இல்லை.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை. மரம், தண்ணீர், கண். அம்மா அழவில்லை.

"அந்த மனுசிக்குச் சொல்லு," என்றா. "கோவிச்சால் கோவிக்கட்டும். தெரியாமல் இருக்கிறதுதான் பொல்லாதது. எனக்குத் தெரியும்."

கிடென் உகண்டாவில் ஒரு முகாமில் இருந்தார். அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணி. தொலைபேசியில், ஆங்கிலத்தில் கதைத்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முகாமில் ஏதோ தகரம் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கேட்டார்.

"வெயிலிலா விட்டீர்கள், நிழலிலா?"

"நிழலில்."

"தண்ணீர்?"

"இரண்டு வாய் குடித்தார்."

"வலி இருக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். லாடோ ஊசிக்கே கத்துகிற ஆள். நான் அதை நம்பவே இல்லை."

"வலி இருந்தது," என்றேன்.

"நீங்கள் அவரை விட்டுவிட்டு வந்தீர்கள்."

"ஓம்," என்றேன். தமிழில். பிறகு ஆங்கிலத்தில். "விட்டுவிட்டு வந்தேன்."

தகரம் அடிக்கும் சத்தமும் நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமையும் எடுங்கள்," என்றார். "மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பதினொரு நிமிடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இன்று எல்லாம் என் தலைக்குள் நிற்கவில்லை."

எடுத்தேன். அதற்கு அடுத்த கிழமையும் எடுத்தேன். ஓடை, மரம், பாதையின் திருப்பம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்பினேன். பாதை திறந்த பிறகு லாடோவின் தம்பி போய்ப் பார்த்தார். மரம் நின்றது. அதன் கீழே யாரும் இல்லை. புதைத்த அடையாளமும் இல்லை. யாராவது எடுத்துப் போயிருக்கலாம் என்று தம்பி சொன்னார். கிடென் அதை மறுக்கவில்லை. நம்பவும் இல்லை. இப்போது அந்தப் பாதையால் வருகிறவர்களிடம் எல்லாம் விசாரிக்கிறார். அம்மாவைப் போல.

அமைப்புக்கு எழுதி என் வாக்குமூலத்தைத் திருத்தச் சொன்னேன். கோப்பு மூடியாயிற்று என்று பதில் வந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணிக்கை இது.

நகரத்தில் இருந்து புறப்பட்டவர்கள் நான்கு. எல்லையில் இறங்கியவர்கள் மூன்று. மேரி உயிரோடு இருக்கிறாள். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது என்று கிடென் சொன்னார். பிரசவ நிலையம் எரிந்தது. பதினாறு கட்டில். நான் பயிற்சி கொடுத்த ஒன்பது தாதிமாரில் இரண்டு பேரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வண்டியை எல்லையில் வாங்கி வைத்தார்கள். திருப்பித் தரவில்லை. கணவன் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர், ஒரு தம்பிக்கு அண்ணை ஒருவர். மூன்றும் ஒரே ஆள். பெயர் லாடோ. உடல் கிடைக்கவில்லை. இறந்த நேரம் தெரியாது. உயிரோடு கடைசியாகப் பார்த்தது நான். காலை ஏழு மணி முப்பத்தாறு.