அரைச்ச கை

அப்படி இல்லக்கா, கொழவிய அழுத்தாத. இஸ்து இஸ்து வுடு. ஆங், அப்படித்தான். தண்ணி பத்தலன்னா சொல்லு, இந்தக் கொடத்துல கீது. கொழா தண்ணி இல்ல, கடல் தண்ணி. இந்த ஆத்தாவுக்கு மொளகா அரைச்சுப் பூசணும்னா கடல் தண்ணி வுட்டுத்தான் அரைக்கணும். அவளுக்கு எரிஞ்சாத்தான் தப்பு பண்ணவனப் போயி புடிப்பா.

சாமி கும்புட வந்தவள இஸ்து அம்மி முன்னால குந்த வச்சிட்டேன், தப்பா நெனைக்காத. நான் இன்னா பண்றது, காசிமேட்டுல எறா உரிக்கிறவ. பாரு, வெரலெல்லாம் வெடிச்சுப் பொளந்து கீது. இதுல மொளகாயும் உப்புத்தண்ணியும் பட்டா உசுரே பூடும். பூசாரி பொண்டாட்டியக் கேட்டேன், எனக்கு வேற வேல இல்லியாங்குறா. தட்டுல துட்டு போட்டா மட்டும் பல்லக் காட்டுவா. நீதான் மொகம் சுளிக்காம வந்து குந்தின.

பெரம்பூரா? பேச்சு தெக்கத்திப் பேச்சா கீதேன்னு பாத்தேன். அரிசி மண்டியா? நல்லது. அங்கேர்ந்து எண்ணூருக்கு பஸ்ஸு மாறி மாறி வரணுமே. இந்த லாரிங்க வேற, ரோட்டையே அடைச்சுகினு நிக்கும். மூக்கப் பொத்திக்கோ, சாம்பப் புழுதி. நான் சின்னப் புள்ளையில வரும்போது கடல் அந்தாண்ட கெடந்துச்சு. இப்ப கல்லக் கொட்டி வச்சும் மதிலாண்ட வந்து மோதுது பாரு.

பையனுக்குக் கல்யாணமா? தை மாசமா? தாலிக்குத் தங்கம் வாங்கினு வந்து ஆத்தா கால்ல வைக்கணுமா. வையி வையி. ஆத்தா பாத்துக்குவா.

இன்னும் வெத நசுங்கலக்கா. மையா வரணும்.

யாருக்கா? பேரு இப்ப சொல்லக்கூடாது. பூசும்போது ஆத்தா காதுலதான் சொல்லணும். இன்னாத்துக்குன்னு வேணா சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, கார்குழலி. எம்.கே.பி. நகர்ல போர்டு வூடு. மொபைல் கடையில வேலைக்குப் போய்க்கினு இருந்தா. ஒருத்தன்கூட ரெண்டு வருசமா பழக்கம். வூட்டுக்கு வருவான், அத்த அத்தன்னு சுத்தி வருவான். எங்க வூட்ல கருவாட்டு வாசன வந்தாலே எங்கம்மா கத்துவாங்கன்னு சொல்லிகினே கொழம்புத் தட்ட வழிச்சு நக்குவான். நானும் மருமவன் மருமவன்னு ஊட்டி வுட்டேன், கூறு கெட்டவ.

ஆடி வெள்ளிக்கு ரெண்டு பேரும் வண்டியில இந்தக் கோயிலுக்குத்தான் வந்தாங்க. திரும்பும்போது ஒரு கண்டெய்னர் லாரி ஒரசிடுச்சு. அவன் மண்ணு பக்கம் வுழுந்தான், இவ லாரி பக்கம் வுழுந்தா. சக்கரம் கால் மேல ஏறிடுச்சு. அவன் எழுந்தான். வண்டிய நிமுத்தினான். ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்தான். போயிட்டான். இவ அவன் பேரச் சொல்லிக் கூப்டுகினே கெடந்திருக்கா. எங்க சாதிப் பொண்ண வண்டியில வச்சினு வந்தது அவன் வூட்டுக்குத் தெரிஞ்சிடுமாம், அதுக்குத்தான் அந்த ஓட்டம். ஐஸ் ஏத்தினு வந்த ஒரு புண்ணியவான்தான் தூக்கினு போயி ஆஸ்பத்திரியில போட்டான்.

முட்டிக்கு மேலயே எட்த்துட்டாங்கக்கா.

இதக் கேளு, இதுதான் பேஜாரு. பஸ்ஸுக்கு நின்னேன், லாரி இடிச்சிடுச்சுன்னு போலீசுல சொல்லிட்டா. அவன் பேர வாயத் தொறக்க மாட்டேங்குறா. அவரு வருவாரும்மாங்குறா. போன எடுக்காதவன் வருவானாம், இவ தலகாணிக்கு அடியில போன வச்சினு படுத்துக் கீறா.

அழுவாதக்கா. நீ இன்னாத்துக்கு அழுவற.

ஆங், சொல்லு, இன்னொரு தபா சொல்லு. அவன் காலும் வெளங்காமப் போவட்டும்னு உன் வாயால கேக்கும்போது எனக்கு வயிறு குளுருது. இவ்ளோ நாள்ல யாரும் இப்படிச் சொல்லல. எங்க சனமே, பொண்ண அடக்கி வளக்கலன்னு என்னத்தான் ஏசுது.

அவனப் பெத்தவளா? எப்படிப்பட்டவன்னுதான் நானும் போயிப் பாத்தேன். கடைக்கே போனேன். ஒரு கிலோ நொய் வாங்குற சாக்குல நின்னேன். எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் போனேன். அந்தம்மா ஒரு பொம்பளைகிட்ட, என் புள்ள தங்கம், நான் காட்டுன பொண்ணுக்குத் தலையாட்டிட்டான்னு சொல்லிச் சிரிச்சுகினு இருந்துச்சு. வெள்ளிக்கெழம எண்ணூருக்குப் போவணும், தாலிக்குத் தங்கம் வைக்கணும்னுச்சு. நான் நொய்ய வாங்கினு வந்துட்டேன்.

போதும்க்கா, அரைச்சது போதும். வெண்ண மாதிரி வந்துடுச்சு. கிண்ணத்துல வழிச்சுக் குடு.

ஆமா, ஒண்ணு கேக்கணும். ஆடி மாசம் உன் புள்ள மொழங்கையெல்லாம் தேஞ்சு வூட்டுக்கு வந்தானே, நீகூட மஞ்சப் பத்து போட்டிருப்பியே. எங்க வுழுந்தேன்னு சொன்னான்?

படிக்கட்டுலயா.

கிண்ணத்தக் குடுக்கா. ஜெயவேலுதான். உன் ஜெயவேலுதான். வுடு, இஸ்தா கொட்டிடும். தெரியாதுதான், உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சா அரைச்சிருப்பியா?

கால்ல வுழாத, எழுந்திரு. நீ ஆத்தாகிட்ட போயி கெஞ்சுவ, எனக்குத் தெரியும். அவளும் புள்ள பெத்தவ. எவ்ளோ மொளகா பூசினாலும் தப்பு பண்ணவனோட தாய்க்காரி வந்து வுழுந்து அழுதா மனசு எறங்கிடுவா. இங்க எல்லாரும் சொல்ற சேதிதான். அரைச்சவளே வந்து அழுதாத்தான் காது குடுக்க மாட்டாளாம். இல்லன்னா எனக்கு இன்னா, வெரலு எரிஞ்சா எரியட்டும்னு நானே அரைச்சிருக்க மாட்டேனா?

தள்ளு, காயறதுக்குள்ள போயி பூசணும்.

ஐய, கண்ணத் தொடைக்காதக்கா. மொளகா கை. எரியும்.