பார்க்க வேண்டாம்

— ஊசி கிடக்கும்டா, பார்த்து உட்காரு.

— உட்கார்ந்தாச்சு. கிடந்துச்சு.

— அதான் சொன்னேன்ல!

— குத்தின பிறகு சொன்னே. இந்தத் திரைச்சீலைத் துணியை எல்லாம் கொஞ்சம் தள்ளி வையேன் அக்கா. மவுஸை நகர்த்தக்கூட இடமில்ல.

— இந்தா, தள்ளியாச்சு. இன்னும் எவ்வளவு நேரம்? மத்தியானம் ஒருத்தர் ஜன்னல் அளவு அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.

— அதெல்லாம் வந்துடும். புது மெயில் நேத்தே வேலை செய்ய ஆரம்பிச்சாச்சு. பழைய மெயில் கம்பெனிக்காரன் கடையை மூடறதுக்கு முன்னாடி நகல் எடுத்து வெச்சோம்ல, அந்த ஃபோல்டர்களைத்தான் இப்ப ஒவ்வொண்ணா உள்ள ஏத்திட்டிருக்கேன்.

— எதுவும் தொலையலையே?

— 'பார்க்கணும்' வந்தாச்சு. 'பார்த்தாச்சு' வந்தாச்சு. உலகத்துல வேற யாராவது ஃபோல்டருக்கு இப்படிப் பேர் வெப்பாங்களா?

— எனக்குப் புரியுது. உனக்கென்ன?

— சரிதான். அடுத்தது...

— என்னடா, பாதியில நிறுத்திட்டே?

— 'பார்க்க வேண்டாம்.'

— அதை விட்டுடு. அது வேண்டாம்.

— ஏற ஆரம்பிச்சிடுச்சே... இதோ, முடிஞ்சே போச்சு.

— டேய்... இது என்ன? அண்ணன் பேரு. இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. பத்தே கால் மணி...

— பயப்படாதே. பயப்படாதே அக்கா. நான் ஏத்தின நேரத்தையே வந்த நேரமா எடுத்துக்கிச்சு. மேல இருக்கறது எல்லாமே அப்படித்தான் இருக்கு, பாரு. பழைய மெயில்தான்.

— எனக்கு அவனே இப்ப அனுப்பின மாதிரி இருந்துச்சுடா.

— எனக்கும்தான் ஒரு நிமிஷம்... அவன் போயே பதினாலு மாசம் ஆச்சு.

— மூடு. மூடிடு அதை.

— நாற்பத்தியொண்ணு இருக்கு.

— எண்ணச் சொன்னேனா நான்?

— அதுவே காட்டுது. எல்லாம் தடிச்ச எழுத்துல. படிக்காத மெயில் மாதிரி.

— படிக்கலைன்னா அப்படித்தானே காட்டும்.

— அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. புதுசா ஏத்தினா எல்லாமே அப்படித்தான் காட்டும். உன் மின்சார பில்லுகூட தடியாத்தான் நிக்குது. இந்த ஃபோல்டரைப் போட்டுக் குடுத்ததே நான்தான். ஞாபகம் இருக்கா? 'அவன் அனுப்பறது எதுவும் என் கண்ணுல படக்கூடாது, வந்ததும் நேரா இதுக்குள்ள போயிடணும்'னு நின்னே.

— நீயும் மறுபேச்சு பேசாம செஞ்சே.

— பேசினா என்னையும் இதுக்குள்ள தள்ளியிருப்பியே!

— தள்ளியிருப்பேன்தான்... அம்மா போனதை மூணு நாள் கழிச்சு சொன்னான்டா எனக்கு. மூணு நாள்! எல்லாம் முடிஞ்ச பிறகு.

— நீ நிறைமாசம். படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வேற என்ன பண்ணுவான்?

— சொல்லியிருக்கணும். கடைசியா அம்மா முகத்தைப் பார்க்கறதா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணணும்?

— நானும்தானே மறைச்சேன். அன்னிக்கு ரெண்டு தடவை எனக்கு போன் பண்ணே. 'அம்மா தூங்கறாங்க'ன்னு சொன்னது யாரு? நான்.

— தெரியும்.

— அப்புறம் ஏன் அவனுக்கு மட்டும் நாலு வருஷமா இந்த ஃபோல்டரு?

— ரெண்டு பேரையும் விட்டுட்டா எனக்குன்னு யாருடா இருக்கா? யார் மேலயாவது கோபப்படணும் போல இருந்துச்சு. அவன் மூத்தவன்... தாங்குவான்னு நெனச்சேன்.

— ஒண்ணே ஒண்ணு திறக்கட்டுமா?

— வேண்டாம்டா. என்ன இருக்கப்போகுது? அவன் வீட்டுப் பூனை குட்டி போட்டதை எழுதியிருப்பான்.

— திறந்துட்டேன்க்கா.

— என்ன?

— பூனைதான். துவைக்கிற துணிக் கூடைக்குள்ள மூணு குட்டி போட்டிருக்காம். 'பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் ஒரு குட்டி அவளுக்குத் தரேன்'னு எழுதியிருக்கான்... உனக்கு எப்படித் தெரியும்?

— அவனுக்கு வேற என்ன எழுதத் தெரியும்? ஊகம்தான்.

— கடைசி மெயில்...

— அதைத் திறக்காதே.

— 'திங்கக்கிழமை ஆப்பரேஷன். மூணாவது மாடி, கடைசி ரூம். வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் எனக்குக் கோபம் இல்ல.'

— போதும்டா. படிக்காதே.

— நீ இதைப் பார்த்திருந்தா வந்திருப்பேக்கா. எனக்குத் தெரியும். நான் இந்த ஃபோல்டரைப் போடாம இருந்திருந்தா... சரி, போட்டேன், ஒரு போன் பண்ணியாவது சொல்லியிருக்கலாம். அவன் பேரை எடுத்தா போனை வெச்சிடுவேன்னு நீ சொன்னதுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அம்மா விஷயத்துல ஒரு தடவை. இவன் விஷயத்துல இன்னொரு தடவை.

— உன் மேல தப்பு இல்லடா.

— இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. உங்கிட்ட சொன்னதில்ல.

— என்ன?

— ஆப்பரேஷனுக்கு முந்தின நாள். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நான் மட்டும்தான் அவன்கூட இருந்தேன். திடீர்னு கேட்டான், 'அவ என் மெயிலையெல்லாம் படிக்கிறாளாடா?'ன்னு.

— ...நீ என்ன சொன்னே?

— படிக்கிறான்னு சொல்லிட்டேன். ஒண்ணு விடாம படிக்கிறா, பூனைக் கதையைச் சொல்லிச் சொல்லி சிரிக்கிறா, வீம்புக்குத்தான் பதில் போடல... வாய்க்கு வந்ததை எல்லாம் அளந்து விட்டேன்.

— நம்பினானா?

— சிரிச்சான்க்கா. அந்த ஒரு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சான். 'அவளா, வீம்பு பிடிச்சவளாச்சே'ன்னு சொல்லி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். அதைப் பார்த்து நானும் சிரிச்சேன். மறுநாள் உள்ள போனவன் வெளியில வரல... பொய்யைச் சொல்லி அனுப்பி வெச்சிட்டேன் அவனை. பதினாலு மாசமா இது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

— அது பொய் இல்லடா.

— எனக்கு ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு சொல்லாதே.

— இல்ல. எல்லாத்தையும் படிச்சேன். நாற்பத்தியொண்ணும். வந்த அன்னிக்கே. பாப்பாவைத் தூங்க வெச்சுட்டு இந்த மேஜையில உட்கார்ந்து படிப்பேன். பூனைக்கு சிரிச்சும் இருக்கேன். பதில் எழுத உட்காருவேன். 'அண்ணா'ன்னு எழுதினதுமே அம்மா முகம் வந்துடும், மூடிடுவேன்.

— அக்கா...

— கையை விடு, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

— கடைசி மெயிலு?

— அதையும்தான்.

— படிச்சியா? படிச்சுட்டும்... அப்புறம் ஏன்க்கா வரல?

— வந்தேன்டா. அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மூணாவது மாடி, கடைசி ரூம். கதவுல இருந்த கண்ணாடி வழியா பார்த்தேன்... நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சு, கதவைத் தட்டாம திரும்பிப் போயிட்டேன்.