தட்டிப் பார்க்காத ஜாடி

— உன் புருஷன்னு பாக்காம சொல்றேன் கமலம். மாயவன் காசு வாங்கிக்கிட்டு ஃபுட்பால் லீக் ஆட்டத்தையே வித்துட்டான்.

— கோதண்டபாணி அண்ணே, சேத்துல கால் வழுக்கி வுழுந்தாரு. அதுல கோலு வுழுந்துடுச்சு. மொத கோலுக்கு ஜெயராஜ் அண்ணனும் அதே சேத்துலதான வுழுந்தாரு?

— ஜெயராஜு அறுவத்தெட்டுல ஜில்லாவுக்கே ஆடுன ஃபுல்பேக்கு. அவன் வுழுந்தா மழை மேல தப்பு.

— எங்க வூட்டுக்காரரு வுழுந்தா?

— பக்கத்து மங்களூர்காரனுங்களோட ஆடுனப்ப சேம்சைடு கோல் போட்டவனாச்சே! இந்த ஆட்டத்துக்கு மொத நாளு, எதிர்த்து ஆடுன ஸ்ரீமுஷ்ணம் டீம் ஆளோட எதுக்கு நின்னான்?

— டீ குடிக்கத்தான்.

— டீ யாரு வாங்கிக் குடுத்தா?

— ஜெயராஜ் அண்ணன். அவரும் கூடத்தான் நின்னாரு.

— அவன் எதிராளி பலம் என்னான்னு நோட்டம் பாக்கப் போயிருப்பான்.

— எப்டியோ பாயிண்ட்டுல ஃபைனலுக்கு வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை அதுல ஆடுறவங்களுக்குத்தான் பேக்டரியில வேலை நிரந்தரம்னு மேனேஜரு சொல்லியிருக்காரு. நீங்கதான டீம் செகரட்டரி? லிஸ்ட்டுல அவரு பேரை அடிச்சிடாதீங்கண்ணே.

— அடிச்சாச்சு. செக்கிங்குக்கு ஜாடி மலை மாதிரி நிக்குது, எடு. அடியில என்னா முத்திரை? மீனு. ஜெயராஜ் செஞ்சது. முதல் தரத்துல வை.

— தட்டிப் பாக்கலையேண்ணே.

— ஜெயராஜ் ஜாடியத் தட்டணுமா? அடுத்தது... பூவு. மாயவனுது. கழிச்சுப் போடு.

— இதையும் தட்டலையே! ஒரேயொரு வாட்டி, எனக்காவ.

— ஒன்னோட பெரிய ரோதனைம்மா. இந்தா, பூவு... கணீர்னு இருக்குது. ஏதோ தப்பிப் பொழைச்சிருக்குது. மீனு...

— பொத்துன்னு கேக்குதேண்ணே. கீறலு.

— சூளையில சூடு தூக்கியிருக்கும். அதுக்கு ஜெயராஜ் என்னா பண்ணுவான், பாவம்!

— ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? இந்த வாரம் முத்திரைக்கட்டை ரெண்டும் கைமாறிப் போச்சு. பூவு ஜெயராஜ் அண்ணனுது. கீறல் வுட்ட மீனுதான் எங்க வூட்டுக்காரரு செஞ்சது.

— அப்டிச் சொல்லு! நானும் பாக்குறேன், ஜெயராஜ் கையில கீறல் எப்டி வுழும்னு. மண்ணைச் சரியாப் பிசைஞ்சிருந்தா ஏன் வுடப்போவுது? சூளை மேல என்னா தப்பு? எல்லாம் அந்த மாயவன் பண்ண வேலை!

— முத்திரை மாறவே இல்லண்ணே. சும்மாதான் சொன்னேன். லிஸ்ட்ட எடுங்க.