கேத்தி வளைவில் காலை ரயிலை நிறுத்தியது பற்றி

என் பெயர் ஐவி. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் மனுவேல். ஊட்டி காந்தலில், குருசடிக் கோயிலுக்குப் போகும் வழியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டு முன்னறையிலேயே தையல் தொழில் செய்து வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள் ஆன்சி, கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். குன்னூர் ரயில் நிலையத்தில் வைத்து, பெண் காவலர் ஒருவர் உடனிருக்க, உதவி ஆய்வாளர் கேட்க நான் சொல்வதாவது:

என் கணவர் குன்னூரில் ஒரு தேயிலை வியாபாரியின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊட்டி–குன்னூர் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறார். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாமே என்று பலமுறை சொல்லியும் கேட்டதில்லை. அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. என்னை அடித்ததும் கிடையாது. ஆனால் வீட்டில் பேச மாட்டார். சுடுதண்ணி இருக்குதா, கதவைச் சாத்து, ஆன்சி கூப்பிட்டாளா, இவ்வளவுதான் எனக்கு அளந்து விட்ட பேச்சு. அவர் சுபாவமே அப்படி என்று நினைத்துக் கொண்டு இத்தனை வருஷமாக நானும் ஒன்றும் கேட்காமல் இருந்து விட்டேன்.

போன மாதம் மருதாசலம் என்பவர் கோட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். அவர் குன்னூரில் ஒரு பேங்கில் வேலை பார்ப்பவர், அதே ரயிலில் போகிறவர். நான் அளவெடுத்துக் கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில், "எங்க பெட்டில மனுவேல் சார்னு ஒருத்தருங்க, வாயத் தெறந்தார்னா ரயிலு போறதே தெரியாதுங்க. இந்த லைனோட சரித்திரமே அவரு நாக்குல இருக்குதுங்க" என்றார். வேறு யாரோ ஒரு மனுவேல் என்று நினைத்துக் கொண்டேன். எந்த ஆபீசு என்று கேட்டேன். அவர் சொன்னது என் கணவரின் ஆபீசு. நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கோட்டின் கையை இரண்டு முறை தப்பாக வெட்டினேன்.

அதன் பிறகு ஒரு நாள், கணவர் கிளம்பியதும் சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஊட்டி நிலையத்துக்குப் போய் டிக்கெட் வாங்கி, அதே பெட்டியில் அவர் ஏறிய இடத்துக்கு அடுத்த அறையில் ஏறினேன். இடைத் தடுப்பு கூரை வரைக்கும் இல்லாததால் பக்கத்தில் பேசுவது நன்றாகக் கேட்கும், எட்டிப் பார்த்தால் ஆளும் தெரியும். அந்தப் பெட்டியில் சீசன்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊட்டியில் ஏறுகிறவர், நடுவில் ஏறுகிறவருக்காக சீட்டில் எதையாவது போட்டு வைப்பார். டூரிஸ்டுகள் கேட்டால் ஆள் வருது என்று சொல்வார்கள். என் கணவர் தனக்கு எதிர் சீட்டில் மப்ளரைப் போட்டிருந்ததை ஏறும்போதே பார்த்தேன். அது நான் பின்னிக் கொடுத்த மப்ளர்.

லவ்டேல் வரைக்கும் அவர் சத்தமே இல்லை. லவ்டேலில் ஒரு பெண் ஏறி, மப்ளரை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பெயர் சசிகலா என்று பிற்பாடு தெரிந்தது, அரவங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைவிட அவள் அழகில்லை. இதையும் எழுதச் சொல்லி நான் கேட்டதால் எழுதப்பட்டது.

அவள் உட்கார்ந்த பிறகு என் கணவர் பேச ஆரம்பித்தார். "குன்னூருக்கு ரயிலு வந்துருச்சுங்க. ஊட்டிக்கு வரலை! ஒம்பது வருஷம்! தொரைமாருக எல்லாம் குன்னூர்ல எறங்கி, வண்டி கட்டிக் குலுங்கிக் குலுங்கி மேல வரோணும். தண்டவாளம் மட்டும் குன்னூர்லயே சம்மணம் போட்டு உக்காந்துருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துரை போலப் பேசிக் காட்டினார், வண்டிக்காரன் போலப் பேசிக் காட்டினார். கேத்திப் பக்கம் பாறையை உடைத்தவர்கள் குளிரில் எப்படி இருந்தார்கள் என்று சொன்னார். அரவங்காட்டு வெடிமருந்து ஆலை வேலைக்கு ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு போன காலத்தைச் சொன்னார். நடுநடுவே அந்தப் பெண், "அப்புறமுங்ணா?" என்றாள். அவள் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அதை நான் மறைக்கவில்லை. அதனால் என் வயிற்றெரிச்சல் குறையவும் இல்லை.

அரவங்காடு வந்ததும், "மிச்சம் நாளைக்கு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அதன் பிறகு வெலிங்டன் வந்தது, குன்னூர் வந்தது, மற்றவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதற்கு மனவருத்தம், மனஉளைச்சல் என்றெல்லாம் வேறு வார்த்தை போட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன்.

இருவருக்கும் தவறான தொடர்பு உண்டா என்று கேட்டதற்கு: இல்லை. இருந்திருந்தால் எனக்கு அண்ணன்மார் இருக்கிறார்கள், கோயிலில் பங்குச் சாமியார் இருக்கிறார், போய்ச் சொல்லி அழலாம். புருஷன் ஒரு பெண்ணுக்கு ரயில் வந்த கதை சொல்கிறார் என்று யாரிடம் போய் முறையிட முடியும்? ஆன்சியிடம் போனில் சொன்னதற்கே, "அம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா" என்று வைத்து விட்டாள்.

நேற்று இரவு சாப்பாடு போடும்போது, "ஏனுங்க, இந்த ஊட்டிக்கு ரயிலு எப்பங்க வந்துச்சு?" என்று அவரிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும், ரசம் ஊத்து" என்றார். ரசத்தை ஊற்றினேன். அந்த நிமிஷமே முடிவு செய்து விட்டேன்.

இன்று காலை அவர் கிளம்புவதற்கு முன்பே, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் கேத்திக்கு வந்து, கேத்தி நிலையத்துக்கு முன்னால் உள்ள வளைவுக்கு நடந்து போனேன். ஒரு பெண் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த சிவப்புத் துணியைப் பையில் எடுத்து வைத்திருந்தேன். சிவப்புத் துணியை ஆட்டினால் ரயில் நிற்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஆட்டினேன். ரயில் சத்தம் கேட்டதும் தண்டவாளத்தின் நடுவில் நின்றேன். டிரைவர் விசில் அடித்துக்கொண்டே நிறுத்தினார். யாருக்கும் காயம் இல்லை. அதன் பிறகு நான் ஓடிப்போய் அவர் இருந்த அறையின் கதவைத் திறந்து ஏறினேன்.

சசிகலா, "என்னாச்சுங்க்கா? கல்லு ஏதாச்சும் உருண்டுடுச்சுங்களா?" என்று கேட்டு எழுந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. என் கணவரைப் பார்த்து, "ஏனுங்க, இன்னைக்குக் கதை எதுல நிக்குது?" என்று கேட்டேன். மருதாசலம், "இந்தம்மா நம்ம காந்தல் டெய்லருங்களே, உங்களுக்குத் தெரியுங்களா சார்?" என்றார். என் கணவர், "எங்கூட்டுக்காரி" என்றார். "கல்யாணம் ஆனதே சொல்லலீங்களே சார்" என்று மருதாசலம் சொன்னது என் காதில் விழுந்தது. துரைமாரைச் சொல்ல நேரம் இருந்தது, வண்டிக்காரனைச் சொல்ல நேரம் இருந்தது. அங்கே நான் அழுதேன். அதன் பிறகு ரயில் ஊழியர்கள் என்னைக் குன்னூருக்குக் கூட்டி வந்து இந்த நிலையத்தில் ஒப்படைத்தார்கள்.

உதவி ஆய்வாளர் வருவதற்கு முன்னால் என்னை இந்த அறையில் உட்கார வைத்திருந்தார்கள். என் கணவர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐவி, நாஞ் சொல்றதக் கேளு. ரயில நிறுத்துனதுக்கு உள்ள போட்டுருவாங்க. வளைவுல கல்லு உருண்டு கெடந்துச்சு, அதப் பாத்துட்டுத்தான் துணிய ஆட்டுனேன், அப்புறம் நானே தள்ளி விட்டுட்டேன்னு சொல்லிப் போடு. மருதாசலம் பாத்தேன்னு சொல்றாரு. சசிகலாவும் சொல்லுது" என்றார். அதோடு நிறுத்தவில்லை. அந்த வளைவில் முன்பு ஒரு மழைக்காலத்தில் பாறை சரிந்ததாம், தண்டவாளம் பார்க்கும் ஆள் ஒருவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினானாம். அவன் வழுக்கி விழுந்ததை நடித்துக் காட்டினார், டிரைவர் போல விசில் அடித்துக் காட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. விளக்கு அணைந்து போன இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறமுங்க?" என்று நான் கேட்டு விட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் முடிக்கும் வரைக்கும் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மருதாசலம் உள்ளே எட்டிப் பார்த்து, சீசன்காரர்கள் சார்பில் ரயிலைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார். "இனி மனுவேல் சார் சரித்திரத்துல நீங்களும் ஒரு ஆளுங்க" என்றார். என் கணவரும் தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் அடுத்த நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக் கொண்டிருக்கிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

கல் இருந்ததா என்று உதவி ஆய்வாளர் என்னிடம் கேட்டதற்கு: இல்லை. கல்லும் இல்லை, மண்சரிவும் இல்லை. பொறாமையில்தான் ரயிலை நிறுத்தினேன். இதற்கு அபராதமோ ஜெயிலோ உண்டு என்று எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. தெரிந்தேதான் சொல்கிறேன்.

நான் இப்படிச் சொன்னதும், அறையில் இருந்த என் கணவர், "ஏன்டி, காப்பாத்தலாம்னு பாத்தா இப்படிக் கெடுத்துக்கறே?" என்று சத்தம் போட்டார். அதற்கு நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக் கொண்டேன்: "கல்லுன்னு சொன்னா நாளைக்குக் காலைல லவ்டேல் தாண்டுனதும் அவகிட்டச் சொல்லுவீங்க. பொறாமைன்னு எழுதிட்டா அந்தப் பெட்டில உங்களால வாயத் தெறக்க முடியாது. இது ஒண்ணாவது என்கிட்டயே இருக்கட்டுங்க."

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. வளைவில் கல் கிடந்ததாக வேறு யார் எழுதிக் கொடுத்தாலும் அது பொய் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ம. ஐவி