ஓர் ஆள் கனம்

— இதோ, இங்க நிறுத்து. வீடியோவுல பின்னாடி தெரியறாளே ஒரு பொண்ணு, அவளுக்கு என்னடி ஆச்சு?

— ஒண்ணும் ஆகல அக்கா. களைச்சுப் போய் உக்காந்துட்டா.

— உக்காரல, விழுந்து கிடக்கா. கரையில போட்ட மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடறா. இந்தாளு அவளைத் தூக்கிவிடாம, மேல நின்னு கத்திட்டிருக்கான்.

— "நிக்காதே, நின்னா தோத்தே"ன்னு கத்தறான். அவன் எல்லா வீடியோவுலயும் அப்படித்தான்.

— அதுசரி. இந்தக் குதி இன்னும் எவ்வளவு நேரம்?

— இது வெறும் வார்ம்-அப். உடம்பச் சூடு பண்ணிக்கறது. பயிற்சி இதுக்கப்புறம்தான்.

— ரொம்ப நல்லாருக்கு. தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் சாஞ்சாச்சு. மிளகா, நான் சொல்றதக் கேளு. எமனுக்கு நாமளே வழி சொல்லி அனுப்பற வேலை இது.

— அக்கா, விஷயத்துக்கு வா. செய்யலாமா, வேணாமா? ஒரு வாரமா ரெண்டு பேரும் இதையே போட்டுப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். தீயணைப்பு வேலைக்கான உடல்தகுதித் தேர்வு கிட்ட வந்துட்டே இருக்கு.

— என்னைக் கேட்டா? நம்ம வீட்டுல பட்டம் வாங்கினவ நீ. நீயே முடிவு பண்ணு.

— கஷ்டமான முடிவுன்னா மட்டும் நான் பட்டம் வாங்கினவ. மத்த நேரம் மூக்கு ஒழுகற பாப்பா.

— சுள்ளுன்னு ஏறாத. உனக்கு மிளகான்னு பேரு வச்சது சும்மாவா? அந்தத் தண்ணி பாட்டில இப்படித் தள்ளு.

— இப்பத்தானே ஒரு பாட்டில காலி பண்ணின?

— வெக்கை. தையல் மெஷின்ல உக்காந்து எந்திரிச்சா தொண்டை காஞ்சுபோவுது. நீ பேச்ச மாத்தாத. பட்டன் கடைக்காரம்மா இருக்காங்கல்ல, அவங்க கொழுந்தன் கதையச் சொன்னேனா?

— சொல்லல. சொல்லு, அதையும் கேட்டுக்கறேன்.

— அவனும் இதே மாதிரி ஒண்ண ஃபோன்ல பாத்து வீட்டுக்குள்ளயே செஞ்சிருக்கான். முதல் நாளே முழுசா முடிச்சுட்டு, பொண்டாட்டி முன்னாடி மார நிமித்திட்டு நடந்தானாம். மறுநாள் காலையில கைய மடக்க முடியல. சீப்ப எடுத்துத் தலை வார முடியல, அவதான் வாரிவிட்டிருக்கா. அதுக்கடுத்த நாள் ஒண்ணுக்குப் போனா, கறுப்புக் காப்பி மாதிரி போயிருக்கு. ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு டாக்டர் திட்டித் தீத்துட்டாராம்.

— நடக்கும். தசை பிஞ்சு, அந்தக் கழிவு ரத்தத்துல போய் கிட்னிய அடைக்கும். பழக்கமில்லாத உடம்ப ஒரே நாள்ல போட்டு முறுக்கினா வரும். நானும் படிச்சேன்.

— தெரிஞ்சுமா இதக் கையில வச்சிட்டிருக்க?

— தெரிஞ்சதாலதான் இன்னும் தொடங்காம வச்சிட்டிருக்கேன்.

— அப்ப வேணாம்னு விடு. எழுத்துத் தேர்வுல அவ்வளவு மார்க் வாங்கினவளுக்கு ஒரு பாங்க் கிடைக்காதா, ஒரு ஆபீஸ் கிடைக்காதா? மின்விசிறிக்குக் கீழ உக்காந்து கையெழுத்துப் போடற வேலைய விட்டுட்டு, எரியற வீட்டுக்குள்ள ஓடற வேலைதான் வேணுமா?

— ஆபீஸுக்குப் போகாமலா இருந்தேன்? மூணு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டு, அப்பா என்ன பண்ணார்னு முதல்ல கேட்டாங்க. மூட்டை தூக்கினார்னேன். ஒருத்தன் பேனாவ மூடிட்டான். இன்னொருத்தன், கல்யாணம் எப்போன்னு கேட்டான். மூணாவதா இருந்த அம்மா நான் பேசற இங்கிலீஷக் கேட்டு உதட்ட இறுக்கிக்கிட்டா. நாலு வருஷம் நாய் மாதிரி படிச்சதப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கல.

— இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொன்னா நீ ஊசிய வச்சுட்டு அழுவ. தீயணைப்புல ஒரே கேள்விதான் அக்கா. ஓர் ஆள் கனத்துக்கு மணல் மூட்டை வைப்பாங்க. தோள்ல போட்டுட்டு கோடு வரைக்கும் ஓடணும். ஓடினா உள்ள, இல்லன்னா வெளிய. எங்கப்பன் யாரு, என் மூஞ்சி எப்படின்னு அந்த மூட்டை கேக்காது. எனக்கு அது பிடிச்சிருக்கு.

— போன தடவ அந்த மூட்டைதானே உன்னைக் கீழ தள்ளிச்சு.

— முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல ஏறல. அங்க விசில் வச்சிட்டு நின்ன ஆளு, "பாப்பா, மூட்டைகிட்ட சொல்றேன், அது உன்னைத் தூக்கிட்டு ஓடும்"னான். வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி.

— அந்த மைதானத்து மாஸ்டர் என்னவோ வழி சொன்னார்னியே?

— அவர் வேற மாதிரி சொல்றார். தினம் கொஞ்சம் ஓடு, மாடிப்படி ஏறு, தண்ணிக் கேன தோள்ல வச்சுப் பழகு, வாரா வாரம் கனத்தக் கூட்டு, தோள் தானா வரும்னார். எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டேன். "அவசரம்னா போன வருஷமே வந்திருக்கணும்"னு சொல்லிட்டு விசில ஊதப் போயிட்டார்.

— மனுஷன் சொல்றதுல நியாயம் இருக்கு.

— நியாயம் இருக்கு, நாள் இல்ல. இந்த வீடியோக்காரன் ரெண்டு மாசத்துல உடம்பயே மாத்திக் காட்டறேங்கறான். கருவி வேணாம், இடம் வேணாம், ஒரு பாய் விரிக்கற அளவு தரை போதும்கறான்.

— தரை யாரோடது? நான் மெஷின மிதிச்சாலே கீழ்வீட்டுக்காரர் கம்பால கூரையத் தட்டறார். நீ குதிச்சா, மேல குதிரை கட்டியிருக்கீங்களான்னு ஏணி போட்டு வந்து கேப்பார்.

— கேக்கட்டும். நான் பேசிக்கறேன்.

— நீ பேசினா அடுத்த வாரம் நாம வேற வீடு பாக்கணும். நான் பேசிக்கறேன். அது இருக்கட்டும், நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு அன்னிக்குச் சொன்னியே, அது என்ன?

— அது பயம்.

— டாக்டர் சொன்னாரா?

— டாக்டர் எதுக்கு? அந்த வீடியோவத் தொட விரல் போகும்போது மட்டும் அடிக்குது. மூடி வச்சா நின்னுடுது.

— உடம்பு முன்னாடியே சொல்லுதுடி, வேணாம்னு.

— உடம்பு இல்ல அக்கா. சொன்னா உனக்குப் புரியுமா தெரியல. இப்ப தோத்தேன்னா, பயிற்சி பத்தல, சாப்பாடு பத்தல, சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு ஆயிரம் சொல்லிக்கலாம். இத்தனையும் செஞ்சு, அவன் கத்தறபடியெல்லாம் குதிச்சு, அதுக்கப்புறமும் அந்த மூட்டை முழங்கால்லயே நின்னுச்சுன்னா? அப்ப சொல்லிக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. நான் அவ்வளவுதான்னு ஆயிடும்.

— என்னவோ போ. எனக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது.

— வராதுன்னு சொல்லாத. ஒரு வாரமா நீ யோசிக்கறதும் எனக்குத் தெரியும். கிட்னி, நெஞ்சு, கீழ்வீடுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் போடற. எனக்கு வேலை கிடைச்சுடுமோன்னுதானே பயப்படற?

— அந்த இன்னொரு தண்ணி பாட்டிலயும் எடு.

— சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.

— கோவிச்சுக்குவ. ஆமா, பயம்தான். உன்னை எங்க போடுவாங்கன்னு தெரியாது. தெருவுல சைரன் சத்தம் கேட்டா, இன்னிக்கு எந்த வீட்டுக்குள்ள இறங்கியிருக்காளோன்னு, துணிய விட்டுட்டு விரல சேத்துத் தைச்சுக்குவேன். நீ தோத்துட்டு வந்த அன்னிக்கு என் மனசுல ஒரு ஓரம் நிம்மதியா இருந்துச்சு. அதுக்காக ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டேன். போதுமா?

— நீ பாவி அக்கா.

— தெரியும்.

— நீ ஸ்கூல் சட்டைக்குக் காலர் தைச்சுத் தைச்சுதான் நான் காலேஜ் போனேன். எனக்கு மட்டும் உன்னை விட்டுட்டுப் போக ஆசையா? வேலை கிடைச்ச மறுநாளே இந்த மெஷினத் தூக்கி வெளிய போட்டுட்டு, உன்னையும் கூட்டிட்டுத்தான் போவேன்.

— மெஷின வெளிய போடற வேலையெல்லாம் வச்சுக்காத. சரி, இப்படிச் செய்வோமா? அந்தாளு குதிக்கறதப் பாத்து நீயும் குதி. ஆனா சத்தத்த மூடிடு. அவன் கத்தறதுதான் ஆளக் கொல்லுது. அவன் பத்து செஞ்சா நீ நாலு செய். முடியலன்னா உக்காரு. ஒரு நாள் செஞ்சா மறுநாள் செய்யாத. அன்னிக்கு அந்த மாஸ்டர் சொன்ன தண்ணிக் கேனத் தூக்கு.

— ரெண்டையும் கலந்துடலாம்கற.

— துணி ஒருத்தர் குடுக்கறாங்க, அளவு நாமதானே எடுக்கறோம்?

— சரி. நாளைக்குக் காலையில தொடங்கறேன். சத்தம் இல்லாம.

— ஒண்ணுக்கு நிறம் மாறினா என்கிட்ட சொல்லணும். வெக்கப்பட்டு மறைக்கக் கூடாது.

— ஐயோ, சொல்றேன். எழுந்திரு, அந்த மெஷின சுவரோரமா நகத்தலாம். தொடங்கறதுக்கு முன்னாடி இப்ப நான் எந்த அளவுல இருக்கேன்னு ஒரு தடவ பாத்துக்கறேன். இல்லன்னா பின்னாடி ஏறியிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

— பாரு. எதைத் தூக்கப் போற?

— உன்னை.

— போடி. தோத்துட்டு வந்த அன்னிக்கு அழுதுகிட்டே என்னைத் தூக்கப் பாத்தியே. இம்மிகூட அசைக்க முடியல. ரெண்டு பேரும் துணி மூட்டை மேல விழுந்து, உன் முழங்கை பட்டு என் உதடு வீங்கிப் போச்சு.

— இன்னிக்கும் முடியாதுன்னு தெரியும். எவ்வளவு முடியலன்னு பாக்கணும். கையக் குடு. என் தோள்மேல குப்புற சாய். அப்படியே தளர விடு, மூட்டை மாதிரி.

— மூட்டை வாயத் தொறந்து கத்தாது. நான் கத்துவேன்.

— கத்து. ஒண்ணு, ரெண்டு...

— ஏய், மெதுவா. மின்விசிறி, மின்விசிறி, தலை.

— பாத்துட்டேன். அக்கா, எதையாவது பிடிச்சிட்டிருக்கியா?

— எதைப் பிடிக்க? உன் சட்டையத்தான்.

— கால எங்கயாவது ஊனியிருக்கியா? கட்டில் மேல?

— ரெண்டு காலும் அந்தரத்துல ஆடுதுடி. அட, தூக்கிட்டியே. இதுக்கா ஒரு வாரமா என்னையும் பயமுறுத்தி நீயும் செத்துப் பொழச்ச? அந்த விசில்காரன் இப்ப வந்து பாக்கணும். சரி போதும், இறக்கு, தலை சுத்துது. ஏன்டி இறக்காம நிக்கற? தோள் வலிக்குதா?

— வலிக்கல. உன் கனமே தெரியல. அன்னிக்கு இருந்த அதே தோள்தான், நான் இன்னும் ஒரு நாள்கூடத் தொடங்கல. அக்கா, உனக்கு என்ன ஆச்சு?